தின்கிற பாத்தியதை

வெள்ளிக்கிழமை விடியலில் ஹசீரா தென்னைக்குத் தண்ணீர் ஊற்றியதை இத்ரிஸின் பெண்டாட்டி சலேகா பார்த்துவிட்டாள். முந்தின ராத்திரி முழுக்க மழை. மணல் சொதசொதவென்று கிடந்தது. அந்த நேரத்தில் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கடற்கரைத் தென்னைக்கு ஊற்ற யாருக்குத் தோன்றும்? அதையும் மரத்தைச் சுற்றி ஊற்றியிருந்தால் பைத்தியக்காரி என்று போயிருப்பாள். ஹசீரா, புதைத்த கபுருக்குத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி, தூரிலிருந்து கடல்பக்கமாக ஒரு ஆள் நீளத்துக்குத் தாரையாக ஊற்றினாள். பிறகு குந்தி உட்கார்ந்து கையேந்தி ஓதினாள். சிப்பி பொறுக்க வந்த சலேகா ஒரு சிப்பியும் பொறுக்காமல் வீட்டுக்குத் திரும்பினாள்.

சேரம் தீவில் அந்தக் கரை முழுக்க இத்ரிஸ் குடும்பத்துக்குச் சொந்தம். மலையடிவாரக் கிராம்புத் தோட்டத்திலிருந்து அலை தொடும் மணல் வரைக்கும் அவர்கள் பாட்டன் பூட்டன் பேர் சொல்லித்தான் எல்லைக் கல் நிற்கிறது. ஹசீராவும் அவள் புருஷன் லா சபுடியும் பூட்டோன் பக்கத்துக் கல்தீவு ஒன்றிலிருந்து பாய்க்கப்பலில் வந்தவர்கள். கிராம்பு பறிக்க வந்து, பறித்து முடிந்தும் போகாமல் நின்றுவிட்டவர்கள். அப்போது இத்ரிஸின் அப்பா தாஹிர் உயிரோடு இருந்தார். சபுடியைக் கூப்பிட்டு, கரையோரம் ஒரு துண்டைக் கையால் காட்டி, "தின்னுக்கோ" என்றார்.

தின்னுக்கோ என்றால் தின்பது மட்டும்தான். மரச்சீனி போடலாம், வாழை வைக்கலாம், மிளகாய் நடலாம். பலகையும் ஓலையும் கொண்டு வீடு கட்டலாம். சிமெண்டுக் கால் ஊன்றக் கூடாது. செத்தால் ஊர் மையவாடியில்தான் அடக்கம். தோட்டத்தில் கபுரு வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தென்னை, கிராம்பு, சாதிக்காய் என்று மனுஷனுக்குப் பின்னாலும் நிற்கிற எதையும் நடக் கூடாது. அந்தக் கரையில் மண் யாருடையதாக இருந்தாலும் நட்ட மரம் நட்டவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும். மரம் அவனுடையது என்றால் நாளைக்கு மண்ணும் அவனுடையது என்று பேச்சு வரும். இந்த வார்த்தையை மீறினால் மறுநாளே வீட்டைப் பிரித்துக்கொண்டு படகேற வேண்டியதுதான். மீறாதவரை மண்ணுக்காரனே நினைத்தாலும் அவர்களை அசைக்க முடியாது. தாஹிர் பள்ளிவாசலில் வைத்துச் சொன்ன வார்த்தை அது.

சபுடி மீறினான். தெரிந்தே மீறினான். தலைப்பிள்ளை அசிம் பிறந்தபோது அவனுக்கு இளவயசு, கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும் உண்டு. அவர்கள் தீவில் நஞ்சுக்கொடி என்பது பிள்ளையோடு கூடப் பிறந்த உடன்பிறப்பு. அதைச் சிரட்டையில் வைத்துப் புதைத்து மேலே ஒரு தென்னம்பிள்ளையை நட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் அதைத் தேடி அலையும், ஓரிடத்தில் தங்காது. சபுடி எல்லைக் கல்லைத் தாண்டி, கடல் ஏறும்போது அலை தொடுகிற மணலில் கொண்டுபோய் நட்டான். அலை தொடும் மணல் யாருக்கும் சொந்தமில்லை என்பது அவன் கணக்கு. அதற்கப்புறம் ஆற்று முகத்துவாரம் இடம் மாறியது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கரை வளர்ந்து கடல் தள்ளிப் போனது. அசிமின் தென்னை பார்த்துக்கொண்டிருக்கும்போதே இத்ரிஸ் குடும்பத்து மண்ணுக்கு உள்ளே வந்து நின்றது.

யாராவது கேட்டால் கடல் கொண்டுவந்த காய் முளைத்தது என்றார்கள். அப்படி முளைத்தது மண்ணுக்காரனுக்கு. அதனால் காய் பறிக்கும்போதெல்லாம் பாதியை ஒழுங்காக இத்ரிஸ் வீட்டுக்குக் கொடுத்துவந்தார்கள். அசிம் அந்த மரத்தில் ஏறித்தான் மரமேறப் படித்தான். போன மேல்காற்றுக் காலத்தில் சூரை பிடிக்கப் போன படகோடு அவன் போனான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மையத்து கிடைக்காதவனுக்குக் கபுரு ஏது? ஹசீரா வெள்ளிக்கிழமைதோறும் செம்பை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போக ஆரம்பித்தாள்.

சலேகா பார்த்த அன்று மத்தியானம் ருகாயா வந்தாள். இத்ரிஸின் அக்கா அவள். ஊரில் பாதிப்பேரின் தொப்புளை அறுத்தவள். ஹசீரா ஆணி குத்திய தகரத்தில் மரச்சீனி துருவிக்கொண்டிருந்தாள். மகள் ரோஸ்மியா துருவலைத் துணியில் கட்டிப் பாறாங்கல்லைத் தூக்கி வைக்கப் போனாள். அவளுக்கு நிறைமாசம். புருஷன் வெளியூரில் கப்பல் வேலையில் இருந்தான்.

"கல்லத் தொடாத புள்ள, அப்புறம் இங்கனயே எனக்கு வேல வச்சிருவ," என்றபடி ருகாயா ஏணியேறி வந்து உட்கார்ந்தாள். வெற்றிலைப் பையை எடுத்தாள், பிரிக்கவில்லை. "போயி ரெண்டு மொளகா பறிச்சிட்டு வா. மெதுவா வா."

ரோஸ்மியா இறங்கிப் போகும்வரை பார்த்திருந்தாள்.

"சலேகா வாயத் தொறந்துட்டா."

"என்னத்தக்கா?"

"நீ தென்னைக்குக் கபுருத்தண்ணி ஊத்துனத."

ஹசீராவின் கை தகரத்தில் அப்படியே நின்றது. விரல் நுனியில் ஆணி கீறி ரத்தம் வந்ததை ருகாயாதான் முதலில் பார்த்தாள்.

"தெனமுமா ஊத்துத?"

"வெள்ளிக்கெழம மட்டுந்தான்."

"அதுக்காவ மழையிலயா?"

"மழ அவனுக்குன்னு பெய்யலியே அக்கா. நான் ஊத்துறது அவனுக்கு."

ருகாயா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டுக்கோ. இத்ரிஸ் முத்துக் கம்பெனிக்காரனோட கைகோத்துட்டான். இந்தக் கரைய அவனுக்குக் குத்தகைக்கு விடணும். குறுக்க நிக்கிறது நீங்கதான். நீங்க வார்த்த தவறாம ஒங்கள ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அவனுக்கும் தெரியும். இத்தன நாளா மோப்பம் புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சான். இப்ப நீயே செம்புல ஏந்திக் குடுத்துட்ட."

"அவியளுக்கு எப்படிக்கா தெரியும், அது எங்க..."

"தெரியாது. சந்தேகந்தான். தெரிஞ்சவ நான் ஒருத்திதான்."

"நீங்கதான அன்னைக்கு நஞ்சக் கழுவி..."

"நாந்தான். கழுவி, உப்பும் புளியும் போட்டு, செரட்டையில வச்சு ஒம் புருசன் கையில குடுத்தேன். எங்க கொண்டு போறன்னு கேக்கல. கேட்டாச் சொல்லிருவான்னுதான் கேக்கல. மறுமாசம் அல மணல்ல தென்னம்பிள்ளையப் பாத்தேன். எங்கப்பன்ட்டகூட நான் சொல்லல."

ஹசீரா முந்தானையால் விரலைச் சுற்றிக்கொண்டாள்.

"அடுத்த ஜும்ஆ முடிஞ்சு ராஜா முன்னால வச்சுக் கேப்பாவ," என்றாள் ருகாயா. "பிரசவம் பாத்தவன்னு என்னயத்தான் மொதல்ல கேப்பாவ. கூடையில போட்டுக் கடல்ல விட்டுட்டேன்னு சொல்லுவேன். எங்க ஆளுவ அப்படித்தான் விடுதோம், யாரும் மறுக்க முடியாது. நீயும் அதையே சொல்லணும். மரம் கடல் கொண்டாந்தது. ஒனக்கும் அதுக்கும் ஒரு இதுவுமில்ல."

"பள்ளிவாசல்ல வச்சா அக்கா?"

"பள்ளிவாசல்லதான். பாவத்துல பாதிய எம் பேருல எழுதிக்கிடட்டும்."

சபுடி வலை கழுவிவிட்டு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஹசீரா சொன்னதைக் கேட்டுவிட்டு ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த மீன்கோவையைக் கோழி வந்து கொத்தியது, அதை விரட்டவில்லை.

"சொல்லிருவோம்," என்றான்.

"சொல்லிட்டு?"

"படகேறுவோம்."

"எங்க? நம்ம தீவுக்கா? மண்ணே கெடையாது, கல்லுக்கெடையிலதான் மரச்சீனி குத்தணும், தண்ணி வேணும்னா மழையப் பாத்து நிக்கணும்னுதான அங்கருந்து கெளம்பி வந்தோம். மாசமான புள்ளய எந்தக் கல்லு மேல கொண்டு கெடத்துவிய?"

"இத்ரிஸுக்கு முன்னால போயி அந்த மரம் எனக்கில்லன்னு சொல்லச் சொல்லுத."

"மரத்தத்தான சொல்லச் சொல்லுதேன்."

"மரமா அது?" சபுடி நிமிர்ந்து பார்த்தான். "கடல்ல போனவன இல்லன்னு ஊரே எழுதித் தள்ளிட்டு. இன்னும் எத்தன வாட்டி அவன இல்லன்னு சொல்லணும்?"

"இன்னும் ஒரு வாட்டி," என்றாள் ஹசீரா. மீன்கோவையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று மீன் தீய்ந்துவிட்டது. மரச்சீனித் துருவலை அவித்த கசுவாமியைக் கூம்பு அச்சிலிருந்து எடுத்துவைத்தாள், மூன்று பேரும் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டு எழுந்தார்கள்.

ஊர்த்தலைவருக்கு ராஜா என்று பேர்தான் பெரிது. அவரும் ரப்பர் செருப்புப் போட்டவர்தான், அவர் வீட்டுக் கூரையும் ஒழுகத்தான் செய்தது. ஆனால் ஊர்ப் பேச்சை முடித்துவைக்கிற வாய் அவருடையது. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் தூணுக்கு அந்தப்பக்கம். இத்ரிஸ் கத்துகிற ரகமில்லை. வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் மாதிரி இதமாகப் பேசினான்.

"நான் யாரையும் வெரட்ட வரல. எங்கப்பா குடுத்த வார்த்த எனக்கும் வார்த்ததான். அந்தத் தென்ன யாரு நட்டதுன்னு கேக்கத்தான் வந்தேன். நட்டதுன்னா நட்டதுன்னு சொல்லட்டும், இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும்."

ராஜா ருகாயாவைப் பார்த்தார்.

"அன்னைக்கு நஞ்ச என்ன செஞ்ச?"

"கூடையில போட்டுக் கடல்ல விட்டேன்," என்றாள் ருகாயா, கண்ணை இமைக்காமல். "எல்லாத்துக்கும் செய்யுறதுதான். ஒங்களுக்கும் எங்கம்மா அதத்தான் செஞ்சா."

பின்னாலிருந்து ஒருத்தன் குரல் கொடுத்தான். "அப்ப எனக்கும் கடல்தானாக்கா?"

"ஒன்னோடத மீனுகூடத் தொடல. அதான் இப்படி வேல வெட்டி இல்லாமத் திரியுத."

எல்லோரும் சிரித்தார்கள். ராஜாகூடச் சிரித்தார். ஹசீராவுக்கு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் மூச்சு வந்தது. இத்ரிஸ் மட்டும் சிரிக்காமல், சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தான்.

"செம்புத் தண்ணி?" என்றான்.

ராஜா தூணுக்கு அந்தப்பக்கம் பார்த்தார். "சொல்லும்மா. எதுக்கு ஊத்துன?"

ஹசீரா எழுந்தாள். முன்வரிசையில் சபுடியின் முதுகு தெரிந்தது. அவன் திரும்பவில்லை.

"எம் மவனுக்குக் கபுரு கெடையாது," என்றாள். "கடலப் பாத்து ஊத்துனேன். மரம் எடையில நின்னுச்சு."

"மரம்?"

"கடல் கொண்டாந்தது. எங்களோடது இல்ல."

சொல்லிவிட்டாள். அத்தனை நாள் பயந்ததற்கு அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்றிருந்தது அவளுக்கு. ராஜா தலையை ஆட்டி, "முடிஞ்சுது," என்று எழப் போனார்.

"ரொம்பச் சந்தோசம்," என்றான் இத்ரிஸ். "எனக்கும் மனசு லேசாச்சு. அப்ப மரம் எங்களோடது. முத்துக்காரங்க கொட்டக சரியா அந்த எடத்துலதான் வருது. நாளைக்கே வெட்டிருவோம். சபுடி, கோடாலியோட வந்துரும். மண்ணத் தின்னுதவன் மண்ணுக்காரன் கூப்பிட்ட வேலைக்கு வரணும். அதுவும் எங்கப்பா சொன்னதுதான்."

ருகாயா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல முடியும்? கடலில் விட்டேன் என்று சொன்ன வாயால் வெட்டாதே என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொய் அவர்களைக் காப்பாற்றவும் செய்தது, கழுத்தில் கயிறாக விழவும் செய்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவள் தூணோடு சாய்ந்து நின்றாள்.

மறுநாள் தூறிக்கொண்டிருந்தது. தென்னை வெட்டுகிற இடத்தில் ஜனம் கூடுவது வழக்கம், குருத்து கிடைக்கும். சட்டியும் அரிவாளுமாகப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். இத்ரிஸ் குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

சபுடி முதல் வெட்டு வெட்டினான். கோடாலி பட்டையில் வழுக்கி மணலில் இறங்கியது. இரண்டாவது வெட்டு தோல் அளவுக்குப் பதிந்தது. மூன்றாவதாக ஓங்கியவன் ஓங்கியபடியே நின்றான். மழைத்தண்ணீர் கைவழியாக அக்குளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன சபுடி, கை கூசுதா?" என்றான் இத்ரிஸ்.

கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. ஒரு ஆள் தன்னுடையது அல்லாத ஒரு மரத்தை வெட்ட எதற்குத் தயங்கி நிற்க வேண்டும்? அந்தக் கேள்வி ஒவ்வொரு முகத்திலும் ஏறுவதை ஹசீரா பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் அவன் அப்படி நின்றால் நேற்றுச் சொன்னதெல்லாம் வீண்.

"அவியளுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், அண்ணாச்சி," என்றாள். "இங்க தாங்க."

புருஷன் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்க வேண்டியிருந்தது. அவன் விட்டதும் திரும்பி நடந்து, வள்ளத்தின் மறைவில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அந்த முதல் வெட்டில் பெற்ற வயிறு வலித்தது என்று கதைக்காகச் சொல்லலாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வலித்தது கைதான். தென்னை நார் கோடாலியைக் கவ்விப் பிடித்தது, ஒவ்வொரு தடவையும் ஆட்டி ஆட்டி உருவ வேண்டியிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. காலுக்கடியில் போன வாரம் அவள் ஊற்றிய நீளத்தில் செதில்கள் விழுந்தன. அவள் மகன் பேரை நினைக்காமலிருக்க வாழைக்கு என்ன உரம் போடலாம், ரோஸ்மியாவுக்கு யாரிடம் பழைய சேலை கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு வெட்டினாள். இரண்டு வாலிபப் பையன்கள் பொறுக்கமாட்டாமல், "நாங்க வெட்டுதோம் சாச்சி," என்று வந்தார்கள். இத்ரிஸ் குடையை அசைத்து அவர்களைத் தடுத்தான். ருகாயா கூட்டத்தில் இல்லை.

மரம் கடல்பக்கமாக விழுந்தது. சனம் மொய்த்தது. காயைப் பொறுக்கினார்கள், மட்டையை இழுத்தார்கள், தலையைப் பிளந்து வெள்ளைக் குருத்தை உரித்து எடுத்தார்கள். ராஜா வீட்டுக்கு ஒரு பங்கு, பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு. இத்ரிஸ் குனிந்து, நடுக்குருத்தைத் தானே அறுத்து எடுத்து ஹசீராவின் கையில் வைத்தான்.

"வெட்டுனவங்களுக்குத்தான நடுக்குருத்து, அதான வழக்கம்? ரெண்டு காயும் எடுத்துக்கோ, பால் புழிய ஆகும். அந்திக்கு நானும் வாரேன். ஒன் கைப்பக்குவத்த ஊரே சொல்லுது, நாந்தான் ஒரு நாளும் தின்னதில்ல."

யாரோ அடிக்கட்டையைத் தோண்டவா என்று மண்வெட்டியை எடுத்தார்கள். இத்ரிஸ் ஹசீராவின் முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான். "கெடக்கட்டும். அது மேலயே தளம் போட்டுருவாவ."

அடியில் என்ன கிடக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்திக்கு அவள் சமைத்தாள். அந்த மரத்துக் காயைத் துருவிப் பால் எடுத்து, மஞ்சளும் மிளகாயும் இடித்துப் போட்டு, புகைபோட்ட சூரைத் துண்டைப் பிய்த்து விட்டுக் குருத்தைக் கொதிக்கவைத்தாள். கை காந்தியது. உப்புப் பார்க்க நாக்கில் வைத்தபோது, உப்புச் சரியாக இருந்தது.

இத்ரிஸ் சொன்னபடி வந்தான். நடுவீட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, கசுவாமியைக் குழம்பில் தோய்த்து நிதானமாகத் தின்றான். சபுடி எதிரே உட்கார்ந்து அவனும் தின்றான், தலை நிமிராமல்.

"நல்ல ருசி," என்றான் இத்ரிஸ். "இளசுமில்ல, முத்தலுமில்ல. சரியான பருவத்து மரம்." பிறகு தட்டுகளைச் சுற்றிப் பார்த்தான். "என்ன, புள்ளத்தாச்சி கைய வைக்கலியே?"

ரோஸ்மியா தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். அண்ணனின் மரம் என்று அவளுக்கு விவரம் தெரிந்த நாள்முதல் தெரியும்.

"பசிக்கலம்மா."

ஹசீரா குருத்தில் ஒரு துண்டை எடுத்து அவள் வாய்ப்பக்கம் நீட்டினாள்.

"தின்னு. நமக்கு இங்க உள்ள பாத்தியத அது ஒண்ணுதான."

இத்ரிஸின் கை பாதி வழியில் நின்றது. ரோஸ்மியா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மெல்லும்போது கண்ணீர் வழிந்தது, மிளகாய்க் காரம் என்று துடைத்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு இத்ரிஸ் ஏணியில் இறங்கும்போது பழைய இதமான குரல் திரும்பியிருந்தது. "இனி ஒரு பேச்சும் இல்ல. நீங்க பாட்டுக்கு இருங்க. அந்த வாழ வரிசைய மட்டும் அடுத்த காத்துக் காலத்துக்குள்ள எடுத்துருங்க, கம்பெனி லாரி திரும்பணும். மொளகாப் பாத்தியயும் அப்புறமாப் பாத்துக்கிடலாம்."

அவன் டார்ச் வெளிச்சம் மறைந்ததும் சபுடி இறங்கி ஓடினான். வீட்டுக்கு அடியில் கால் மரத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வாந்தியெடுக்கிற சத்தம் பலகைவழியாகக் கேட்டது. தாயும் மகளும் அது அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மேல்காற்று ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எம்மா," என்றாள் ரோஸ்மியா, வயிற்றில் கை வைத்துக்கொண்டு. "எனக்குப் பெறந்தா நஞ்ச எங்க வைக்க?"

ஹசீரா சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"கடல்ல விட்டுரு. ஒங்கண்ணன் அங்கதான இருக்கான்."

சொல்லிவிட்டு, அடியில் மிஞ்சியிருந்த குருத்தை வழித்துத் தின்றாள்.